தாத்தா தயார் செய்த ரேஸ் கார் இப்போது எங்கே?

கேள்வி: ஐயா, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ரெய்ஸ்தார்ப்பில் இருக்கிறேன். என் தாத்தா 1960 வாக்கில் இதே ஊரில் ஒரு வெள்ளைக்காரரின் பட்டறையில் வேலை பார்த்தார். முதலாளி ஓட்டிய ஜி.எஸ்.எம். டார்ட் காரைத் தாத்தாதான் ரேசுக்குத் தயார் செய்வாராம். கையில் இருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் என்.பி. என்று தொடங்கும் நம்பர் பிளேட்டும் கதவில் 27 என்ற எண்ணும் தெரிகின்றன. அப்புறம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. கார் சிவப்பு என்று பாட்டி சொல்வார். அது இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் படத்தைவிட அந்த நோட்டுதான் உங்களிடம் உள்ள பெரிய சொத்து. எண்ணெய்க் கறையைத் துடைக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தையும் சேர்த்து.

டார்ட் பற்றித் தெரிந்தால்தான் தேடுவது சுலபம். கேப்டவுனை அடுத்த பெல்வில்லில் பாப் வான் நீகெர்க், வில்லி மைஸ்னர் என்ற இரண்டு இளைஞர்கள் இங்கிலாந்து போய் ஃபைபர்கிளாஸ் வேலையைக் கற்றுவந்து 1958-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் அது. அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம் (சேசிஸ்), மேலே ஃபைபர்கிளாஸ் உடல், உள்ளே பெரும்பாலும் ஃபோர்டு எஞ்சின். 1960-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இதையே டெல்டா என்ற பெயரில் கட்டினார்கள். ஆகவே வெளிநாட்டில் யாராவது டெல்டா வைத்திருப்பதாகச் சொன்னால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம், அது வேறு பட்டறையில் பிறந்தது. 1960-களின் நடுவில் தொழிற்சாலை மூடிவிட்டது. சின்னப் பட்டறைக் கார்தான், ஆனால் இன்றைக்கு அதற்கு மதிப்பு அதிகம். மதிப்பு ஏறினால் போலியும் ஏறும் என்பதை மனதில் வையுங்கள்.

எல்லோரும் நம்பர் பிளேட்டில்தான் தொடங்குவார்கள். அந்தக் காலத்தில் என்.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், என்.டி. என்றால் டர்பன், டி.ஜே. ஜோகன்னஸ்பர்க், சி.ஏ. கேப்டவுன். கார் வேறு ஊருக்கு விற்கப்பட்டதும் அந்த ஊரின் எழுத்தோடு புது எண் வந்துவிடும், பழையது அங்கேயே கழன்றுவிடும். அதனால் பிளேட் காருக்குப் பெயர் இல்லை, ஒரு காலத்து முகவரி, அவ்வளவுதான். கதவில் உள்ள 27 அதைவிடவும் குறைந்த ஆயுள் கொண்டது. அந்த ஒரு நாள் பந்தயத்துக்கு ஒட்டியது. ஆனால் ஒரு நாள் என்பதுதான் அதன் பலமும். எந்த நாள் என்று தெரிந்தால் அன்றைய பந்தய நிகழ்ச்சி நிரலில் 27-க்கு எதிரே ஓட்டுநர் பெயரும் கார் வகையும் எஞ்சின் கொள்ளளவும் அச்சாகியிருக்கும்.

நாளைக் கண்டுபிடிக்க நோட்டு உதவும். தாத்தா உதிரி பாகக் கணக்கைப் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் எழுதியிருக்கிறாரா, ராண்டில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ராண்ட் 1961 பிப்ரவரி 14-ல் வந்தது. ஒரே நோட்டில் பாதி அப்படி, பாதி இப்படி இருந்தால் அந்தப் பக்கம் திரும்பும் இடம்தான் உங்கள் கடிகாரம். அடுத்து எஞ்சின் பேச்சு. 1172 சிசி என்றால் ஃபோர்டின் பழைய சைடு வால்வு எஞ்சின். 997 சிசி என்றால் 1959 இறுதியில் வந்த புதிய ஃபோர்டு ஆங்லியா காரின் எஞ்சின், அதற்கு முன்பு இருக்க வழியில்லை. ஊர்ப் பெயர்களும் சாட்சி சொல்லும். உங்கள் ஊரின் ராய் ஹெஸ்கெத் ரேஸ் தடம் 1953 முதல் 1981 வரை ஓடியது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கியாலாமி தடம் 1961-ல்தான் திறந்தது. ஒன்பது மணி நேரப் பந்தயம் அதற்கு முன்பு கிராண்ட் சென்ட்ரல் என்ற தடத்தில் நடந்தது. யாராவது 'கியாலாமி, 1959' என்று எழுதிய படத்தைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நாள் சுமாராகப் பிடிபட்டதும் நூலகத்துக்குப் போங்கள். பந்தயம் நடந்த வார இறுதியையும் அடுத்த திங்கள், செவ்வாயையும் உங்கள் ஊர் நாளிதழான நேட்டால் விட்னஸின் பழைய இதழ்களில் புரட்டுங்கள். முதல் மூன்று பேர் பெயரோடு செய்தி முடிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பாதியில் நின்ற கார், வளைவில் புல்லில் இறங்கிய கார் எல்லாம் ஒரு வரி பெறும். உங்களுக்கு அந்த ஒரு வரி போதும்: எந்த மூலை நசுங்கியது என்று தெரிந்துவிடும். தாத்தாவின் பெயர் மட்டும் அங்கே இருக்காது. ஏட்டில் உதவியாள், கையில் முழு வேலை என்று நம்மவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், நிகழ்ச்சி நிரலில் ஓட்டுநருக்குத்தான் இடம்.

இனி எஞ்சின் எண். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பழைய ரசீது ஒன்றிலிருந்த எஞ்சின் எண்ணை வைத்துக்கொண்டு ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பண்ணைக் கொட்டகை வரை போனேன். எண் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. எட்டு மாதம் அதுதான் நான் தேடிய கார் என்று நம்பினேன். பிறகு சட்டத்தைச் சுரண்டிப் பார்த்தபோது ரசீதில் சொன்ன விபத்தின் தடயமே இல்லை. யாரோ எஞ்சினை மட்டும் வாங்கி வேறு காரில் போட்டிருக்கிறார்கள். ரேஸ் காரில் எஞ்சின் என்பது செருப்பு மாதிரி, தேய்ந்தால் மாற்றுவார்கள். ஃபைபர்கிளாஸ் உடலும் அப்படியே: ஓர் உடலிலிருந்து அச்செடுத்து இன்னொன்று வார்த்துவிடலாம். எண் தகடு நான்கு ரிவெட் சமாசாரம். ஒரு கார் இரண்டாகப் பெருகுவதும் உண்டு. பழைய சட்டத்தின் மேல் புது உடல் ஒருவரிடம், கழற்றிய பழைய உடலுக்குக் கீழே புதுச் சட்டம் இன்னொருவரிடம். இருவரும் தன்னுடையதுதான் அசல் என்பார்கள். என்னைக் கேட்டால் சட்டம் எங்கேயோ கார் அங்கே.

அதனால் சட்டத்தில் தாத்தாவின் கையைத் தேடுங்கள். நோட்டில் 'இடது பக்கத் தாங்கி உடைந்தது, பித்தளை வைத்து ஒட்டினேன்' என்பது போல ஏதாவது எழுதியிருப்பார். வெல்டிங் செய்த சட்டத்தில் பித்தளைப் பற்று ஒன்று மஞ்சளாகத் தெரிந்தால் அது கைரேகைக்குச் சமம். கூடுதல் பெட்ரோல் மூடிக்குத் துளைத்த ஓட்டை, பிறகு அதை அடைத்த தடம், பானட்டில் வெட்டிய காற்றுத் துளைகளின் எண்ணிக்கை, கண்ணாடி பொருத்திய இடம், இவற்றை எல்லாம் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து எழுதி வையுங்கள். ஃபைபர்கிளாஸுக்கு ஒரு நல்ல குணம்: ஒட்டுப் போட்டால் உள்பக்கம் நார்ப் பாய் தெரியும். வெளியே எவ்வளவு பெயின்ட் பூசினாலும் உள்ளே மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பாட்டி சொன்ன சிவப்பையும் அங்கேதான் சரிபார்க்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில், கதவுக் கீலுக்குப் பின்னால் பழைய நிறம் ஒளிந்திருக்கும். பாட்டி சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சரி, கார் யாரிடம் என்று எப்படித் தெரியும்? ஈநாட்டிஸ் என்ற அரசு வாகனப் பதிவில் உரிமையாளர் பெயரைக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள். நேர்வழி, பழைய கார்ச் சங்கங்கள். சாவ்வா என்ற தென்னாப்பிரிக்கக் கூட்டமைப்பின் கீழ் ஊருக்கு ஊர் சங்கம் உண்டு. ஒரு குறிப்பிட்ட காரின் பட்டியலை வைத்திருப்பவர் அநேகமாக அங்கே ஒருவர் இருப்பார். உரிமையாளர் முகவரியை அவரிடம் கேட்காதீர்கள். 'என் கடிதத்தை அவரிடம் சேர்த்துவிடுங்கள்' என்று கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஆஷ்பர்ட்டனில் நடக்கும் கார்ஸ் இன் த பார்க்குக்குப் படத்தின் பிரதியோடு ஒரு தடவை போய் நில்லுங்கள். வயதான மெக்கானிக் ஒருவராவது நின்று பார்ப்பார். ஃப்ரான்ஷுக் மோட்டார் மியூசியத்துக்கும் எழுதலாம்.

கார் வெளிநாட்டில் வரலாற்றுப் பந்தயங்களில் ஓடினால் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தரும் டெக்னிக்கல் பாஸ்போர்ட் அதற்கு இருக்கலாம். அது கார் அந்தக் கால அமைப்பில் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, இதே கார்தான் அன்று ஓடியது என்பதற்கு அல்ல. ஏல நிறுவனத்தின் அழகான புத்தகத்தையும் அதே கண்ணோடு படியுங்கள்.

உரிமையாளருக்கு எழுதும் முதல் கடிதத்தில் படத்தை அனுப்புங்கள், தாத்தாவைப் பற்றி எழுதுங்கள், காரைத் திரும்பக் கேட்பதற்காக எழுதவில்லை என்பதை இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டின் பக்கங்களை மட்டும் அனுப்பாதீர்கள். பித்தளைப் பற்று எந்தப் பக்கம், எந்தத் தாங்கியில் என்பது உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். சட்டத்தின் இரு பக்கமும் அடியிலிருந்து எடுத்த படங்களை அவரிடம் கேளுங்கள். வந்ததும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.