தையலில் சீழ் வைத்தது வேறு, ஊசி ஒத்துக்கொள்ளாதது வேறு

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. பத்தாம் நாள் தையலில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்ததால் மறுபடி அட்மிட் செய்தோம். டிரிப்ஸில் ஆன்டிபயாட்டிக் ஏற்றிய சில நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, பிரஷர் இறங்கி, 4 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அமாக்ஸிசிலின் ஒத்துக்காது என்று ஆபரேஷனுக்கு முன்பே மயக்க டாக்டரிடம் சொல்லியிருந்தேன். ஐ.சி.யூ. செலவு 1,80,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினோம். இப்போது கேட்டால், காப்பீட்டில் வந்தவர்கள் கேஸ் போட முடியாது, கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள் என்கிறார்கள். 14 மாதம் ஆகிவிட்டது. போலீசுக்குப் போகலாமா? இதற்காகக் கோவைக்கு அலைய வேண்டுமா?

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் சீழ் வைத்ததைப் பற்றித்தான் நாலு பக்கம் கோபம் இருக்கிறது, ஊசி விஷயம் கடைசியில் ஒரு பத்தியில் வருகிறது. கேஸ் என்று பார்த்தால் இது அப்படியே தலைகீழ்.

சீழ் வைத்ததாலேயே டாக்டர் மேல் தப்பு என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லிவிடாது. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் சில பேருக்கு ஆபரேஷன் புண்ணில் தொற்று வரும், அதிலும் சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம். தொற்றுக்காக அவர்களைப் பிடிக்க வேண்டுமானால், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக்கைப் போடவில்லை, கருவிகளைச் சரியாக ஸ்டெரிலைஸ் செய்யவில்லை, காய்ச்சல் என்று சொன்ன பிறகும் பார்க்கவில்லை என்று ஏதாவது ஒரு குறிப்பான தவறைக் காட்டியாக வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்றாவது மட்டும்தான்: ஏழாம் நாள் போன் செய்தபோது "மாத்திரை போடுங்க, சரியாயிடும்" என்று நர்ஸ் சொன்னது. அந்த அழைப்பு உங்கள் போனில் இன்னும் பதிவாகி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே அம்மா கொழுந்து பறிக்கப் போனார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் எப்படியும் வெளியே வரும். அது தொற்றுப் பகுதியைப் பலவீனமாக்கும், ஆனால் ஊசிப் பகுதியைத் தொடக்கூட முடியாது.

ஊசிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற்றிய மருந்து பிப்பராசிலின், டாசோபாக்டம் என்று இருக்கிறது. "நாங்க சொன்னது அமாக்ஸிசிலின், அவங்க கொடுத்தது வேற மருந்து, அப்போ தப்பு சொல்ல முடியாதோ" என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். பெயர்தான் வேறு, அமாக்ஸிசிலினும் பிப்பராசிலினும் ஒரே பெனிசிலின் குடும்பம். அமாக்ஸிசிலின் ஒத்துக்காது என்று சொன்ன நோயாளிக்குப் பிப்பராசிலினை ஏற்றியது ஏன் என்ற ஒரே கேள்விதான் உங்கள் கேஸ். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினோம் என்பார்கள், சொல்லட்டும், அலர்ஜி என்று எழுதி வைத்திருக்கும்போது அந்த மருந்தையே ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு அது பதில் ஆகாது.

அப்படி எழுதி வைத்திருக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் செய்ய வேண்டியது, முழு கேஸ் ஷீட் (அட்மிட் ஆனதிலிருந்து டாக்டரும் நர்ஸும் எழுதிய எல்லாத் தாள்களும்) நகலும் வேண்டும் என்று அம்மா கையெழுத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே விதிப்படி சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் வைத்திருந்தால் போதும், எனவே ஆறப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் திரும்பக் கொடுத்துவிட்டு இதுதான் கேஸ் ஷீட் என்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு அட்மிஷனுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கைக்கு வந்ததும் முதலில் மயக்க டாக்டரின் முன்பரிசோதனைத் தாளைப் பாருங்கள். அதில் அலர்ஜி என்ற இடத்தில் அமாக்ஸிசிலின் என்று இருந்தால் பாதி கேஸ் முடிந்தது. 'என்.கே.டி.ஏ.' என்று நாலு எழுத்து இருந்தால், தெரிந்த மருந்து அலர்ஜி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போதும் கை விட வேண்டாம், ஆபரேஷன் தியேட்டரில் எழுதிய அனஸ்தீசியா (மயக்க மருந்து) சார்ட்டைத் திருப்புங்கள். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் ஊசிக்குப் பதிலாக கிளிண்டாமைசின் மாதிரி ஒன்றைப் போட்டிருந்தால், பெனிசிலின் அலர்ஜி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று வாதிட இடம் இருக்கிறது, ஏனென்றால் பொதுவாக அப்படிப்பட்டவர்களுக்குத்தான் மருந்தை அப்படி மாற்றுவார்கள். பல் வீக்கத்துக்கு அமாக்ஸிசிலின் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தது என்றீர்களே, அந்தக் கோத்தகிரி கிளினிக் சீட்டு வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து நர்ஸ் குறிப்பு. எத்தனை மணிக்கு டிரிப்ஸ் தொடங்கினார்கள், எத்தனை மணிக்குப் பிரஷர் இறங்கியது, எத்தனை மணிக்கு அட்ரினலின் போட்டார்கள் என்று மூன்று நேரத்தையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கடும் ஒவ்வாமைக்கு முதலில் போட வேண்டியது அட்ரினலின். அவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் மட்டும் போட்டுக் காத்திருந்துவிட்டு அட்ரினலினைத் தாமதித்திருந்தால் அது தனியாக ஒரு குறை. உடனே போட்டிருந்தால், காப்பாற்றினார்கள் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வந்தது கடும் ஒவ்வாமைதானா என்று காட்ட உதவும் டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள்.

காப்பீட்டில் வந்தவர் கேஸ் போட முடியாது என்பது சும்மா மிரட்டல். 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காப்பீடு பணம் கட்டினாலும் அது சேவைதான் என்று சொல்லிவிட்டது. பணம் வாங்கிச் சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரி சிலருக்கு இலவசமாகப் பார்த்தாலும் அவர்களும் நுகர்வோர்தான். போதாததற்கு 1,80,000 ரூபாய்க்கு ரசீது வேறு வைத்திருக்கிறீர்கள். ஒப்புதல் படிவத்தில் போட்ட கையெழுத்து ஆபரேஷனுக்கும் அதன் இயல்பான ஆபத்துக்கும்தான். கவனக்குறைவுக்கு யாரும் முன்கூட்டியே சம்மதம் எழுதித் தர முடியாது.

போலீஸ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், அதற்கு முன் வேறொரு டாக்டரின் சுதந்திரமான கருத்தும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்து காலம்தான் போகும், கையில் பணம் வராது. டாக்டரின் பதிவு மேல் நடவடிக்கை வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம், அங்கே நஷ்டஈடு கிடையாது.

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆகவே கோவைக்கு இறங்க வேண்டாம், ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட ஆணையம் போதும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று பெயர் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரியை மட்டும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம், சவிதா கார்க் வழக்கில் (2004) அதற்கு வழி இருக்கிறது. புகார்தாரர் அம்மாதான், நீங்கள் சாட்சி. கேட்கும் தொகையில் ஐ.சி.யூ. ரசீது, வண்டி வாடகை, கூட இருந்ததால் போன கூலி, அம்மா பறிக்க முடியாத மாதங்களின் வருமானம், பட்ட வேதனை என்று கணக்குக் காட்டுங்கள். யாரோ சொன்னார்கள் என்று 50 லட்சம் கேட்டால் நல்ல கேஸும் விளையாட்டாகத் தெரியும்.

கெடு 2 வருடம், ஊசி போட்ட தேதியிலிருந்து. உங்களுக்கு மிச்சம் 10 மாதம், ஆனால் கேஸ் ஷீட்டுக்கே இரண்டு மூன்று மாதம் இழுத்தடிப்பார்கள், அதனால் கடிதம் இந்த வாரமே போகட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், பெண் என்பதாலேயே அம்மாவுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேஸ் ஷீட்டோடு போய் உட்காருங்கள்.