பெர்லினுக்கு முன் இரண்டு கடிதங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. பி.இ. முடித்து ஐந்து வருஷமாகக் கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே வெப் டிசைன் வேலை செய்கிறீர்கள். அமெரிக்காவில் இரண்டு கிளையன்ட், பெங்களூரில் ஒருவர். எட்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். டூரிஸ்ட் விசாவில் பெர்லின் வந்து இறங்கி, இங்கேயே அதை ஃப்ரீலான்ஸ் விசாவாக மாற்றிக்கொள்ள முடியுமா, பேங்கில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. நீங்கள் படித்த அனுபவக் கதைகள் எழுதியவர்களின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற சில நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் வந்து இறங்கி இங்கேயே விண்ணப்பிக்கலாம். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்த வழி இல்லை. ஷெங்கன் விசாவில், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசாவில் வந்தால் 180 நாட்களில் 90 நாள் தங்கலாம், அதற்குள் திரும்பிவிட வேண்டும். நீண்ட காலம் தங்குவதற்குத் தேசிய விசா என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு ஊரில் இருந்தபடிதான் விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்குச் சென்னை வழியாக. கட்டணம் 75 யூரோ. "வந்துவிடுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் நம் ஊர்க்காரர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். மாணவர்களுக்கு பிளாக்டு அக்கவுன்ட் என்று ஒரு கணக்கு இருக்கிறது, முன்கூட்டியே பணத்தைப் போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்கலாம். 2024 செப்டம்பரிலிருந்து அதில் வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதைக் கேள்விப்பட்டு, நமக்கும் அதுபோல ஒரு தொகை இருக்கும், அதைச் சேர்த்துவிட்டால் விசா வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஃப்ரீலான்ஸ் விசாவுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் உங்கள் தொழிலிலிருந்தே வருமானம் வருமா என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் எட்டு லட்சம் எட்டாயிரம் யூரோவை ஒட்டி வரும். முதல் சில மாதங்களுக்கு அது கைகொடுக்கும், அதனால் காட்டுங்கள். ஆனால் அதை வைத்து விசா கிடைக்காது. இந்த ஊரில் உங்கள் வேலை யாருக்குத் தேவை என்று காட்டினால்தான் கிடைக்கும்.

ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் 21-ஆவது பிரிவு சுயதொழில் செய்பவர்களுக்கானது. உங்கள் விண்ணப்பத்தைச் சென்னையிலேயே முடிவு செய்துவிட மாட்டார்கள். நீங்கள் குடியேறப்போகும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அது போகும். பெர்லினில் 2020-லிருந்து மாநிலக் குடிவரவு அலுவலகம் என்று அதற்குப் பெயர். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் கோப்பைத் திறந்ததும் கேட்பது இதைத்தான்: இவருக்கு இங்கே வேலை கொடுக்க யார் இருக்கிறார்கள்? மூன்று கிளையன்ட்டும் ஜெர்மனிக்கு வெளியே என்றால், இந்த வேலையைக் கோயம்புத்தூரிலேயே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றும். நியாயமான சந்தேகம்தானே?

அதனால் நான் சொல்வது இதுதான். அடுத்த ஆறு மாதம் பணம் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஜெர்மனியில் இரண்டு கிளையன்ட் தேடுங்கள். முடிந்தால் பெர்லினிலேயே. உங்களுக்கு வேலை தர எண்ணியிருக்கிறோம் என்று அவர்களிடம் ஆளுக்கொரு உத்தேசக் கடிதம் வாங்குங்கள். அது ஒப்பந்தம் கிடையாது, அவர்களை எதற்கும் கட்டிப்போடாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். கடிதத்தில் என்ன வேலை, மாதம் எத்தனை நாள் அல்லது எத்தனை மணிநேரம், என்ன ரேட், எவ்வளவு காலத்துக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண் அவசியம். "இவர் திறமையானவர், இவரோடு வேலை செய்ய ஆவலாக இருக்கிறோம்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை நற்சான்றிதழ் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

நான் மதுரையிலிருந்து 2014-ல் வந்தேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். அதற்கு முந்தைய அக்டோபரில், பிசினஸ் விசா வாங்கிக்கொண்டு ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சிக்கு வந்திருந்தேன். ஐந்து நாள், தோளில் ஒரு பெரிய ஃபைல். பதினெட்டுப் பேரிடம் காட்டினேன், நான்கு பேர் கார்டு கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு மூன்று மாதம் அவர்களுக்கு மாதிரிப் படங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேர் சிறிய வேலை கொடுத்தார்கள். அதை ஒழுங்காக முடித்துக் கொடுத்த பிறகுதான் கடிதம் கேட்டேன். அந்த வரிசை முக்கியம் தம்பி. வேலை செய்து காட்டாமல் கடிதம் கேட்டால் இங்கே யாரும் தர மாட்டார்கள். உங்கள் துறைக்கு பெர்லினில் வருஷா வருஷம் நடக்கும் ரீபப்ளிகா என்ற டிஜிட்டல் துறை மாநாடு இருக்கிறது, சின்னச் சின்னச் சந்திப்புகள் நிறைய இருக்கின்றன. வந்து ஆட்களைப் பாருங்கள், பேசுங்கள். அந்தப் பயணத்தில் இங்கே உட்கார்ந்து கிளையன்ட் வேலை மட்டும் செய்யாதீர்கள், அதற்கு அந்தக் குறுகிய கால விசாவில் அனுமதி கிடையாது.

காசு கொடுத்தால் கடிதம் தயாரித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிட்டே போகாதீர்கள். அலுவலகத்திலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது கதை. பொய்த் தகவல் கொடுப்பது இங்கே தண்டனைக்குரிய குற்றமும்கூட. இன்னொன்று, முன்பெல்லாம் விசா மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அதனால் அரைகுறையாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

உங்கள் வேலையை எப்படி விவரிக்கிறீர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே சுயதொழிலில் இரண்டு வகை. ஃப்ரைபெரூஃப்லர் என்பது படிப்பையோ கலையையோ வைத்துச் செய்யும் தொழில். மருத்துவர், வக்கீல், பொறியாளர், மொழிபெயர்ப்பாளர், எழுத்தாளர், ஓவியர் எல்லாம் இதில் வருவார்கள். மற்றதெல்லாம் கெவெர்பே, அதாவது வணிகம். வணிகம் என்றால் தனியாகப் பதிவு, லாபம் வருஷத்துக்கு 24,500 யூரோவைத் தாண்டினால் தொழில்வரி, விசாவுக்கும் வேறு அளவுகோல். உங்களுடையது நடுவில் நிற்கும் தொழில். வடிவமைப்பும், படிப்புக்கு ஏற்ற மென்பொருள் வேலையும் ஃப்ரைபெரூஃப்லர் பக்கம் சாயும், உங்கள் பி.இ. அதற்கு நல்ல துணை. ஹோஸ்டிங் விற்கிறேன், ரெடிமேட் டெம்ப்ளேட் விற்கிறேன் என்று சேர்த்து எழுதினால் வணிகத்தின் பக்கம் போய்விடும். வரி விஷயத்தில் எந்த வகை என்று முடிவு செய்வது ஃபினான்ஸ்அம்ட், அதாவது வரி அலுவலகம். உண்மையில் என்ன செய்கிறீர்களோ அதை மட்டும், தெளிவாக எழுதுங்கள்.

கூடவே மாதவாரியாக வருமானக் கணிப்பு ஒன்று வேண்டும். கடிதங்களில் இருக்கும் எண்களும் கணிப்பில் இருக்கும் எண்களும் ஒத்துப்போகட்டும். அமெரிக்கக் கிளையன்ட்டுகளையும் அதில் சேருங்கள், அது பலம்தான். சான்றிதழ்கள், இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

மருத்துவ இன்சூரன்ஸில் நான் பட்டது. ஏஜென்ட் ஒருவர் பேச்சைக் கேட்டு, மாதம் முப்பது சொச்சம் யூரோவுக்குப் பயணக் காப்பீடு மாதிரி ஒன்றை எடுத்து வந்தேன். நுழைவு விசாவுக்கு அதை ஏற்றுக்கொண்டார்கள். இங்கே வந்து குடியிருப்பு அனுமதிக்குப் போனபோது, இது முழுக் காப்பீடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிதாக ஒன்றைத் தேடி, மறுபடி தேதி வாங்குவதற்குள் இரண்டு மாதம் நான் தூங்கவே இல்லை. நீங்கள் ஆரம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து நேராக ஃப்ரீலான்ஸராக வருபவரைப் பொதுக் காப்பீட்டில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், தனியார் காப்பீடுதான் வழி. இளம் வயதில் அது மலிவு, வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கடினம், 55 வயதுக்கு மேல் ஏறக்குறைய நடக்காது. கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. க்யூன்ஸ்ட்லர்ஸோட்ஸியால்காஸ்ஸே என்று பெயர், 1983-லிருந்து நடக்கிறது. அதில் சேர்ந்தால் பொதுக் காப்பீடும் பென்ஷனும் பாதிச் செலவில் கிடைக்கும். நான் அதில்தான் இருக்கிறேன். வடிவமைப்புதான் உங்கள் முக்கிய வேலை என்று காட்ட முடிந்தால் நீங்களும் வந்தவுடன் விண்ணப்பித்துப் பாருங்கள். கேள்விகள் நிறைய கேட்பார்கள், பில், ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். பொறுமையாகக் கொடுங்கள்.

வந்து இறங்கியதும் வீட்டு முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். குடியேறி இரண்டு வாரத்துக்குள் என்பது விதி. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. ஆகவே அதைத் தராத வீட்டுக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும், போகாதீர்கள். அப்புறம் வரி அலுவலகத்துக்கு ஆன்லைனில் ஒரு படிவம் அனுப்பினால் வரி எண் வரும். அது இல்லாமல் பில் போட முடியாது.

வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல வேலைக்காரர்கள் பலர் இங்கே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் பெரும்பாலும் யாரும் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். கையில் வந்ததெல்லாம் நம் பணம் என்று தோன்றும். அடுத்த வருஷம் கணக்குக் கொடுத்த பிறகு கடிதம் வரும். எனக்கு 2016 இலையுதிர்காலத்தில் வந்தது. 2015-க்கான வரி முழுவதும், அதைப் பார்த்து இந்த வருஷமும் இவ்வளவு சம்பாதிப்பாய் என்று கணக்குப் போட்டு முன்கூட்டிய வரியும், எல்லாம் ஒரே உறையில். ஏழு மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. அப்பாவின் மருந்துச் செலவை என் தம்பி பார்த்துக்கொண்டான். முன்கூட்டிய வரி வருஷத்தில் நான்கு முறை: மார்ச் 10, ஜூன் 10, செப்டம்பர் 10, டிசம்பர் 10. வரும் ஒவ்வொரு பில் பணத்திலும் 30 சதவீதத்தைத் தனி அக்கவுன்ட்டில் போட்டுவிடுங்கள், அதைத் தொடாதீர்கள். ஆரம்பத்தில் விற்பனை வரி வேண்டாம் என்றால், முந்தைய வருஷ வரவு 25,000 யூரோவுக்குள் இருப்பவர்களுக்குச் சிறுதொழில் விலக்கு உண்டு.

ஒரே கிளையன்ட்டிடம் மாட்டிக்கொள்ளவும் கூடாது. வருஷம் முழுக்க ஒருவருக்கே, அவர் ஆபீஸிலேயே, அவர் சொல்லும் நேரத்துக்கு வேலை செய்தால், இது சுயதொழில் இல்லை, மறைமுகமான சம்பள வேலை என்று பென்ஷன் அலுவலகம் சொல்லலாம். உங்களுக்கும் சிக்கல், அவருக்கும் சிக்கல். அமெரிக்கக் கிளையன்ட்டுகளை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் குடியிருப்பு அனுமதி அதிகபட்சம் மூன்று வருஷம் கிடைக்கும். நீட்டிக்கப் போகும்போது லாபம் காட்ட வேண்டும். பெர்லினில் வரி ஆலோசகர் ஒருவர் சரிபார்த்த அறிக்கையைக் கேட்பார்கள், அதனால் நல்ல ஆலோசகரை முதல் வருஷமே பிடித்துவிடுங்கள். நிரந்தரக் குடியிருப்புக்கு ஃப்ரீலான்ஸர்களுக்குப் பொதுவாக ஐந்து வருஷம், பி1 அளவு, அதாவது நடுத்தர நிலை ஜெர்மன், 60 மாதப் பென்ஷன் சந்தா அல்லது அதற்கு இணையான ஓய்வூதிய ஏற்பாடு. இந்தப் பென்ஷன் விஷயத்தை யாரும் முதல் நாளில் சொல்ல மாட்டார்கள். விருப்பச் சந்தாவின் குறைந்தபட்ச அளவு மாதம் நூறு யூரோவை ஒட்டித்தான். அதை முதல் வருஷத்திலிருந்தே கட்டுங்கள். ஐந்தாவது வருஷம் போய் நின்று, ஒரு மாதச் சந்தாகூட இல்லாமல் மறுபடி ஐந்து வருஷம் எண்ண ஆரம்பித்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு.

ஆறு மாதம் தேடியும் ஜெர்மன் கிளையன்ட் ஒருவர்கூட அமையவில்லை என்றால், என் யோசனை வேறு. சம்பள வேலை ஒன்று தேடி, படித்தவர்களுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டில் வாருங்கள். காப்பீடு, பென்ஷன் எல்லாம் சம்பளத்திலேயே போய்விடும். 27 மாதத்தில், பி1 இருந்தால் 21 மாதத்திலேயே, நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு யாரிடமும் கேட்காமல் ஃப்ரீலான்ஸ் செய்யலாம். சொந்தமாகத் தொழில் செய்யும் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. என் தொழிலுக்கு இங்கே சம்பள வேலை அபூர்வம், அதனால் நான் நேராக ஃப்ரீலான்ஸராகவே வந்தேன். உங்கள் தொழிலுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

எப்படி வந்தாலும் ஜெர்மன் இன்றே தொடங்குங்கள். கிளையன்ட்டுகள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், அலுவலகக் கடிதங்கள் பேசாது. வரிக் கடிதத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாதம்தான் அவகாசம். எந்த உறை வந்தாலும் அன்றைக்கே பிரித்துப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

முதல் வருஷ நவம்பரைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். நாலரை மணிக்கு இருட்டிவிடும், வீட்டிலேயே வேலை, பேச ஆள் இருக்காது. நான் பிழைத்தது பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் முருகன் கோயிலால். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் முதல் நாளே கையைப் பிடித்து, "சாப்பிட்டுப் போ பிள்ளை" என்றார். 80-களில் ஒன்றுமில்லாமல் இந்த ஊருக்கு வந்து வாழ்க்கையைக் கட்டியவர்கள் அவர்கள். எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் என்பதை அந்த அம்மாவிடம்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் கடிதம் கிடைத்ததும், விண்ணப்பத்தோடு சேர்ப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். விலை, பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். நான் படித்துப் பார்த்து, என்ன குறைகிறது என்று சொல்கிறேன்.