காளானைத் தேடாதீர்கள், கட்டைக்கு எண் போடுங்கள்

கேள்வி: மதுரையில் தாவரவியல் முதுகலை முடித்து ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அழகர்மலைக் காட்டில் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைகள் பற்றி ஆய்வு. எத்தனை இனங்கள் என்று பட்டியல் எடுப்பதாக உத்தேசம். எங்கள் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வு வசதி இல்லை. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். காளான் என்பது பூஞ்சையின் காய் மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொத்துக் கொத்தாக வரும். பங்குனியில் போனால் கெட்டியான தட்டுக்காளான்கள் சிலதான் மிச்சம் இருக்கும். பூஞ்சையின் உடம்போ வருஷம் முழுக்கக் கட்டைக்குள் நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. காளானை மட்டும் எண்ணினால் மழையைத்தான் அளந்திருப்பீர்கள்.

அதனால் விழுந்து கிடக்கும் கட்டைகளில் ஐம்பது, அறுபதைத் தேர்ந்தெடுத்து, எண் பொறித்த தகடு மாட்டுங்கள். இரண்டு வருஷம் அதே கட்டைகளிடம் திரும்பத் திரும்பப் போங்கள். என்ன மரம், சுற்றளவு எவ்வளவு, மண்ணைத் தொடுகிறதா, கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். ஈரத்தையும் விடாதீர்கள். ஒரு துண்டை அப்படியே எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை குறையாமல் நிற்கும் வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈர விகிதம். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மரம் மக்குவது ஏறத்தாழ நின்றுவிடும். 30ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும்.

பாடப்புத்தகங்களில் வருவது பெரும்பாலும் குளிர்நாட்டுக் காடு. அங்கே பூஞ்சையின் கையைக் கட்டுவது பனி, இங்கே சித்திரை வெயில். நம் காட்டில் ஒரு கட்டை வருஷத்தில் எத்தனை மாதம் உண்மையில் மக்குகிறது? என்னைக் கேட்டால், பட்டியலை விட இந்தக் கேள்விக்குத்தான் பட்டம் கொடுக்கலாம்.

எந்த வகை அழுகல் என்பதைக் கையால் நொறுக்கியே ஓரளவு சொல்லலாம். வெளுத்து, பஞ்சு போல நார்நாராகப் பிரிந்தால் வெள்ளை அழுகல். மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினையும் பூஞ்சை தின்றிருக்கிறது. பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலிடையில் பொடியானால் பழுப்பு அழுகல். நார்ப்பொருளான செல்லுலோஸ் போய் லிக்னின்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. அகன்ற இலை மரங்களில் முன்னதே அதிகம். பின்னது வேண்டுமென்றால் கொடைக்கானல் பைன் தோப்புகளில் தேடிப் பார்க்கலாம். வண்டு துளைத்து மாவாக்கியதைப் பூஞ்சைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஊரில் எல்லாவற்றுக்கும் 'உளுத்துப்போச்சு' என்ற ஒரே சொல்தான்.

ஆய்வகத்தில் டானிக் அமிலம் கலந்த அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) பூஞ்சையை வளர்த்துப் பாருங்கள். சுற்றிலும் பழுப்பு வளையம் விழுந்தால் பெரும்பாலும் வெள்ளை அழுகல் இனம். விதிவிலக்குகள் உண்டு, இதை மட்டும் நம்ப வேண்டாம். டி.என்.ஏ.வுக்கு, தூய வளர்ப்பு, அதாவது வேறு எதுவும் கலக்காமல் தனியே வளர்த்த ஒரே பூஞ்சை, கையில் இருந்தால் போதும், கட்டணம் வாங்கிக்கொண்டு அதன் டி.என்.ஏ. வரிசையைப் படித்துத் தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அனுப்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். பல கட்டைகளில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் அனுப்புங்கள். மாதிரிகளைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வீடு வருவதற்குள் வேறு பூசணம் ஏறிவிடும்.

அப்புறம், அனுமதி. அழகர்மலை காப்புக்காடு, வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. கல்லூரி வழியாக இன்றே விண்ணப்பம் போடுங்கள், மாதக்கணக்கில் இழுக்கலாம். அதுவரை கல்லூரி வளாகத்தில் பட்டுப்போன வேம்போ புளியோ இருந்தால், முதல் தகட்டை அதில் மாட்டிப் பழகுங்கள்.