உதகையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது

கேள்வி (பிளஸ் டூ மாணவி, உதகை): தாமிரக் கம்பிச்சுருளின் மின்தடை உருகும் பனிக்கட்டியில் 10.00 ஓம், கொதிநீரில் 13.94 ஓம். வெப்பநிலை மின்தடை எண் (ஒரு டிகிரிக்கு மின்தடை எவ்வளவு பங்கு கூடுகிறது என்பது) 0.00394 என்று வருகிறது. புத்தகத்தில் 0.00393. ஆனால் 50 டிகிரியில் 11.97 வர வேண்டிய இடத்தில் 12.13 ஓம் வருகிறது. எங்கே தவறு?

பதில்: 50 டிகிரியில் எடுத்த அளவு சரிதான். கொதிநீருக்கு 100 என்று எழுதியதுதான் தவறு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் குறைவு, 92–93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். 92.5 என்று வைத்துப் பாருங்கள்: 0.00426. 50 டிகிரி அளவும் அதே எண்ணைத்தான் தரும்.

அப்படியானால் புத்தகம்? அந்த 0.00393, 20 டிகிரி மின்தடையை அடிப்படையாகக் கொண்டது. நீங்கள் அடிப்படையாக எடுத்தது 0 டிகிரி. அதற்குரிய எண் 0.00426. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. சென்னையில் செய்திருந்தால் கொதிநீரில் 14.26 ஓம் வந்து, அப்போதே சந்தேகம் எழுந்திருக்கும். நடுவில் ஓர் அளவு எடுத்தீர்களே, அதற்குப் பாராட்டு.

இனி ஒவ்வொரு மின்தடையையும் (234.5 + வெப்பநிலை) ஆல் வகுத்துப் பாருங்கள். தாமிரத்துக்கு எல்லா அளவிலும் ஒரே விடை வர வேண்டும். உங்களுக்கு வருவது 0.0426.

சுருளை வைக்கும் சோதனைக் குழாயில் தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், உங்கள் ஊரில் பாட்டிலிலேயே உறைந்து கிடக்குமே. உறைந்த எண்ணெயைக் கலக்க முடியாது. சுருளும் வெப்பமானியும் ஒரே வெப்பநிலைக்கு வர வெகுநேரம் பிடிக்கும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் போதும். வெப்பமானிக் குமிழ் சுருளை ஒட்டியே இருக்கட்டும். சூடேறும்போதும் ஆறும்போதும் அளவு எடுங்கள். ஒரே வெப்பநிலையில் இரண்டும் வேறுபட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

கேள்வி (குன்னூர் வாசகர்): மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டிலேயே நேரடியாக அளந்தால் போதாதா?

பதில்: 10 ஓம் சுருளுக்குப் போதாது. மீட்டர் ஒயர்களே 0.2, 0.3 ஓம் சேர்த்துவிடும். 200 ஓம் ரேஞ்சு 0.1 ஓமுக்குக் கீழே காட்டாது. சுருளோடு 100 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து 1.5 வோல்ட் பேட்டரி கொடுங்கள். சுருளின் முனைகளிலிருந்து தனியாக இரண்டு ஒயர் எடுத்து, 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் அளங்கள். அந்த ஒயர்களில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை, அதனால் அவற்றின் மின்தடை கணக்கில் வராது. ரெசிஸ்டரின் வோல்டேஜையும் உடனே அளந்து, சுருளின் வோல்டேஜை அதனால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். பேட்டரி இறங்கினாலும் விடை மாறாது. பிறகு பேட்டரியைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்து சராசரி எடுங்கள். இணைப்புகளில் வெப்பத்தால் தோன்றும் சிறு வோல்டேஜ் அதில் நீங்கிவிடும்.