டிஸ்னிலேண்டில் எது காணாமல் போனது? கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று திறந்த அசல் டிஸ்னிலேண்ட் பற்றி மட்டும் கேளுங்கள். ஃப்ளோரிடாவில் இருப்பது வேறு பூங்கா, வேறு வரலாறு. இரண்டையும் குழப்பினால் பாதி நேரம் பிரித்துச் சொல்வதிலேயே போய்விடும். டிக்கெட் விலை, ஹோட்டல், எந்த மாதம் போகலாம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஊஞ்சல்: பழைய ரசிகர்கள் எல்லாரும் “அந்த டிஸ்னிலேண்ட் இப்ப இல்லை”ன்னு புலம்புறாங்க. அப்படி என்ன குறைஞ்சுபோச்சு? ரைடு எல்லாம் முன்னைவிட அதிகமாத்தானே இருக்கு?

எண்ணிக்கை குறையவில்லை. குறைந்தது அசைவு. அதோடு சேர்ந்து, வரிசையில் வேகாமல் ஏறி உட்கார ஓர் இடம்.

1967-இல் புதுப்பித்துத் திறந்த டுமாரோலாண்டின், அதாவது பூங்காவின் எதிர்கால உலகப் பகுதியின், நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் தூண்பாதையில் பீப்பிள்மூவர் என்ற குட்டி ரயிலின் பெட்டிகள் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்கும் மேலே, அந்தப் பெட்டிகளில் ஏறும் மேடையின் உச்சியில், ராக்கெட் ஜெட்ஸ் ராட்டினம் சுற்றும். வானத்தில் கம்பியில் தொங்கிப் போகும் ஸ்கைவே தொட்டிகள். பின்னால் மோனோரயில், கீழே குளத்தில் நீர்மூழ்கிகள், பக்கத்தில் ஆட்டோபியா கார்கள். எதிலும் ஏறாதவருக்கும் அது காட்சிதான். இன்று அதே இடத்தில் நின்றால் பீப்பிள்மூவர் பாதை வெறுமனே கிடக்கிறது. ராக்கெட்டுகளை 1998-இல் தரைக்கு இறக்கி நுழைவாயிலில் வைத்துவிட்டார்கள். பழைய உச்சியில் இருப்பது ஆப்ஸர்வட்ரான் என்ற சிற்பம், யாரும் ஏற முடியாது. ஸ்கைவே கிடையாது. மோனோரயிலும் நீர்மூழ்கியும் ஆட்டோபியாவும் மிச்சம்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு ரைடு மணிக்கு எத்தனை பேரை விழுங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 3,600-ஐ, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே ஆகும் விநாடியால் வகுத்து, ஒரு வண்டியின் இருக்கைகளால் பெருக்குங்கள். 16 பேர் ஏறும் தொடர் 12 விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 4,800 பேர். 8 பேர் வண்டி 20 விநாடிக்கு ஒன்று என்றால் 1,440. பீப்பிள்மூவர் முதல் வகை. வண்டி நிலையத்தில் நிற்கவே நிற்காது. அதே வேகத்தில் சுழலும் தட்டில் கால் வைத்து, நடந்தபடியே ஏற வேண்டும். இப்படிக் கூட்டத்தை உறிஞ்சும் ரைடு ஒன்றை எடுத்தால், அந்த ஆயிரக்கணக்கான பேர் நடைபாதைக்கும் மற்ற வரிசைகளுக்கும் வந்து சேர்வார்கள். “முன்னைவிடக் கூட்டம்” என்று தோன்றுவதில் ஒரு பங்கு இதுதான்.

மூணு பிள்ளைக்காரி: பீப்பிள்மூவரை ஏன் மூடினாங்க? திரும்ப வருமா?

1967 ஜூலை 2-இல் தொடங்கியது, 1995 ஆகஸ்ட் 21-இல் நின்றது. அதே பாதையில் வேகமாக ஏதாவது ஓட்டலாம் என்ற ஆசை. அதன் விளைவு 1998 மேயில் வந்த ராக்கெட் ராட்ஸ் என்ற வேக ரைடு. அந்தக் கோடையிலேயே நீண்ட நாள் மூடிக் கிடந்தது. 2000 செப்டம்பரோடு ஒரேயடியாக நின்றது. பீப்பிள்மூவர் திரும்ப வரும் என்று எந்த அறிவிப்பும் இல்லை.

ரயில்பித்தன்: பாதை அப்படியே நிக்குது சார். தூணும் இருக்கு. பெட்டி செஞ்சு ஓட விட வேண்டியதுதானே? ஃப்ளோரிடாவில 1975-லேர்ந்து ஓடுதே.

வந்துவிட்டது ஃப்ளோரிடா. பெயர்தான் ஒன்று, இயந்திரம் வேறு. அங்கே பாதையில் பதித்த மின்சுருள்கள் பெட்டியின் அடியில் உள்ள உலோகத் தகட்டைக் காந்தப் புலத்தால் தள்ளும். தொடுவதும் இல்லை, தேய்வதும் இல்லை. அனஹைமில் பாதையில் சுமார் 9 அடிக்கு ஒன்றாக ரப்பர் டயர்கள், ஒவ்வொன்றுக்கும் மோட்டார். டயர் பெட்டியின் அடிவயிற்றை உரசித் தள்ளும். பெட்டிக்குள் மோட்டாரே கிடையாது. ஒரு மோட்டார் பழுதானாலும் முன்னும் பின்னும் உள்ள டயர்கள் தொடரை இழுத்துப் போய்விடும், அது இதன் அழகு. ஆனால் பாதை நெடுக நூற்றுக்கணக்கான டயர், மோட்டார், தாங்கி எல்லாவற்றையும் ஒருவர் தினமும் பார்த்தாக வேண்டும்.

ரயில்பித்தன்: அப்ப மோட்டார்தான் பிரச்சினைன்னா ஃப்ளோரிடா மாதிரியே சுருள் போட்டுடலாமே?

மோட்டார்தான் இருப்பதிலேயே சின்னப் பிரச்சினை. பெட்டி நடுவழியில் நின்றால் ஆட்களை எப்படி இறக்குவீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. ஃப்ளோரிடாவில் பாதையை ஒட்டி நடைமேடை உண்டு. அனஹைம் பாதை ஒல்லி. ஓரத்தில் கால் வைக்க இடமில்லை. இன்று புதிதாக அனுமதி கேட்டால் நடைமேடை, கைப்பிடி, நடக்க முடியாதவரை இறக்க வழி எல்லாம் காட்ட வேண்டும். அவ்வளவையும் ஏற்றினால் தூணின் எடை கூடும். கலிஃபோர்னியா நிலநடுக்க பூமி. எடை கூடினால் தூணும் அடித்தளமும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியவை. அந்தத் தூண்கள் நிற்பதோ மற்ற ரைடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவில், சில இடங்களில் கட்டடத்துக்குள்ளேயே. ஒரு தூணைத் தோண்ட பக்கத்து ரைடை மூட வேண்டும்.

ரயில்பித்தன்: ராக்கெட் ராட்ஸ் அதே தூண் மேல மணிக்கு 35 மைல் வேகத்தில ஓடிச்சு. தாங்கிச்சே!

தாங்கிய லட்சணம்தான் இரண்டே வருடத்தில் தெரிந்துவிட்டதே. வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் 5 மடங்கு ஆனால் விசை 25 மடங்கு. அதனால் வேகமாகப் போகும் பாதையை வளைவில் சாய்த்துக் கட்டுவார்கள். இங்கே சாய்க்கவில்லை, அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. தட்டையான வளைவில் வேகமாகப் போக முடியாது. ஆகவே நேர்ப்பாதையில் சீறு, வளைவுக்கு முன் பிரேக், வளைவு முடிந்ததும் மறுபடி சீறு. சுற்று முழுக்க இதே கதை. டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன, வண்டிகள் அடிக்கடி நின்றன. ஒவ்வொரு சீறலும் ஒவ்வொரு பிரேக்கும் பாதையை முன்னும் பின்னும் உதைக்கிறது. மெதுவாக ஊர்வதற்குக் கட்டிய தூணுக்கு அந்த உதை பழக்கமில்லை. 16 நிமிடப் பயணம் 3 நிமிடமானதும், வண்டிக்கு 5 பேர் மட்டும் ஏறியதும் தனி நஷ்டம். 20 விநாடிக்கு ஒரு வண்டி விட்டாலும் மணிக்கு 900 பேர். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

ஆணி: ரயில்பித்தன் சொல்றதிலும் நியாயம் இருக்கு. இடிக்கவும் மாட்டாங்க, ஓட்டவும் மாட்டாங்கன்னா அதை எதுக்கு வச்சிருக்காங்க?

இடிப்பதும் மேலே சொன்ன அதே தலைவலிதான். தூணை எடுக்கப் பக்கத்து ரைடுகளை மூட வேண்டும், பாதை நுழையும் கட்டடங்களின் சுவரையும் கூரையையும் அடைக்க வேண்டும். டுமாரோலாண்ட் முழுவதையும் திருத்தும் நாளில்தான் அது கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு.

ரயில்பித்தன்: அப்ப முழுசா இடிச்சுப் புதுசா கட்டலாம்னு ஒத்துக்கறீங்க!

கட்டலாம். “பெட்டி செஞ்சு ஓட விட வேண்டியதுதானே” என்றுதானே ஆரம்பித்தீர்கள்?

தொட்டில்: ஸ்கைவேயிலிருந்து ஒருத்தர் விழுந்ததாலதான் மூடினாங்களாமே?

இல்லை. 1994 ஏப்ரலில் ஒருவர் தொட்டியிலிருந்து கீழே வந்ததும், வழக்குப் போட்டதும், பிறகு தானே குதித்ததாக ஒப்புக்கொண்டதும் உண்மை. மூடியதற்குக் காரணம் அதுவல்ல. ஸ்கைவே 1956-இல் வந்தது. 1959-இல் மாட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலை ரைடைக் கட்டியபோது கம்பி மலையைத் துளைத்துக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். மலைக்குள் இருந்த தாங்கியில் உலோகக் களைப்பால் விரிசல் கண்டது. அதைச் சரிசெய்ய மலையையே பிரிக்க வேண்டியிருக்கும். 1994 நவம்பர் 9-இல் நிறுத்தி, துளையையும் அடைத்துவிட்டார்கள்.

குடைக்காரர்: நாடிலஸ் வடிவ நீர்மூழ்கி ஞாபகம் இருக்கா? அதை ஏன் எடுத்தாங்க?

அது ஃப்ளோரிடா. 1994-இல் மூடியது. அனஹைம் நீர்மூழ்கிகள் 1959-இல் வந்தவை, சாம்பல் நிறம், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் பெயர்கள். 1998-இல் நின்று, 2007-இல் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறித் திரும்பின. இன்னும் ஓடுகின்றன.

கணக்கர்: “ஈ டிக்கெட்” என்று பழைய ஆட்கள் சொல்வது என்ன? அது போனதும் ஒரு இழப்பா?

நல்ல கேள்வி. விமான டிக்கெட் ஞாபகத்தில் இதைப் படிக்காதீர்கள். இது ஆங்கில எழுத்து வரிசை. 1955 அக்டோபரில் ஏ, பி, சி என்று மூன்று வகைச் சீட்டுகள் கொண்ட புத்தகம் விற்கத் தொடங்கினார்கள். 1956-இல் டி. 1959-இல் மாட்டர்ஹார்ன், நீர்மூழ்கி, மோனோரயில் மூன்றும் சேர்ந்து வந்தபோது ஈ. பெரிய ரைடுக்கு ஈ. மெயின் ஸ்ட்ரீட் குதிரை டிராமுக்கும் குதிரை ராட்டினத்துக்கும் ஏ.

இதன் சூட்சுமம் கூட்டத்தைப் பங்குபோட்டதில் இருக்கிறது. புத்தகத்தில் ஈ சீட்டு கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அதைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள். ஏற்கெனவே காசு கொடுத்த ஏ, பி சீட்டுகளை வீணாக்க மனம் வராது. ஆகவே குதிரை டிராமில் ஏறுவார்கள், படகில் உட்காருவார்கள். மதிய நேரத்தில் கூட்டம் தானாகப் பூங்கா முழுக்கப் பரவும். 1982-இல் சீட்டை ஒழித்து ஒரே நுழைவுச் சீட்டில் எல்லாம் என்றானதும், ஒரு ரைடின் விலை வரிசையில் நிற்கும் நேரம் மட்டுமே என்றாகிவிட்டது. எல்லாரும் நேராகப் பெரிய ரைடுக்கு ஓடினார்கள். இன்னொரு விளைவு பலர் கண்ணில் படுவதில்லை: சின்ன ரைடுகளுக்குச் சீட்டுக் கணக்கு இருந்தவரை “இதில் இத்தனை பேர் ஏறினார்கள், இவ்வளவு வந்தது” என்று காட்ட முடிந்தது. அது போனபின் அவை வெறும் செலவாகத் தெரியத் தொடங்கின. சின்ன ரைடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததில் இதற்கும் பங்குண்டு என்பேன்.

1999-இல் இலவசமாக வந்த ஃபாஸ்ட்பாஸ், அதாவது நேரம் குறித்துப் பொது வரிசையை முந்தவிடும் சீட்டு, கூட்டத்தை வேறு வழியில் கட்டுப்படுத்தப் பார்த்தது. 2021-இல் அதன் இடத்துக்கு வந்தது காசு கட்டும் முறை. பெயர் எதுவானாலும் ஒன்றை மறக்காதீர்கள்: இருக்கை கூடவில்லை. ஒருவர் முந்தினால், அந்த இருக்கை பொது வரிசையில் நிற்பவரிடமிருந்துதான் போகிறது.

புதுவரவு: பீப்பிள்மூவர் எப்ப திரும்ப வரும்?

மேலே படியுங்கள்.

வாத்து: ஸ்பிளாஷ் மவுண்டன் தண்ணி ரைடை மாத்தினப்ப அந்தப் பழைய பொம்மைகள் போச்சேன்னு ஒரு கூட்டம் அழுதது. அவ்வளவு பழசா?

ஸ்பிளாஷைவிடப் பழசு. டுமாரோலாண்டின் சுழலும் அரங்கில் 1967 முதல் 1973 வரை இருந்தது கெரூசல் ஆஃப் புரோகிரஸ். மேடைகள் நடுவில் நிலையாக நிற்கும், பார்வையாளர் உட்கார்ந்த அரங்குகள் சுற்றி நகரும். அது ஃப்ளோரிடாவுக்குப் போனதும் 1974-இல் அதே கட்டடத்தில் அமெரிக்கா சிங்ஸ், பாடும் விலங்குப் பொம்மைகள். 1988-இல் அது மூடியபின் பெரும்பாலான பொம்மைகளை 1989-இல் திறந்த ஸ்பிளாஷுக்கு மாற்றினார்கள். 2023 மே கடைசியில் ஸ்பிளாஷ் நின்றது. 2024 நவம்பரில் டியானா ரைடு வந்தது. அமெரிக்கா சிங்ஸ் குழுவில் இரண்டு வாத்துகளை, அது மூடும் முன்பே தோலுரித்து, ஸ்டார் டூர்ஸ் ரைடின் வரிசையில் வேலை பார்க்கும் ரோபோக்களாக்கிவிட்டார்கள். நின்று அவற்றின் பாதத்தைப் பாருங்கள், வாத்துக்கால் தெரியும்.

தேனடை: கரடிக் கச்சேரி முழுசா போயிடுச்சா?

பொம்மைக் கரடிகள் பாடிய அந்தக் கச்சேரி 2001-இல் மூடியது. சுவரில் தொங்கிய மூன்று தலைகள் மட்டும் அதே கட்டடத்தில் 2003-இல் வந்த பூஹ் ரைடுக்குள் இருக்கின்றன. கனவுக் காட்சி முடிந்து அடுத்த அறைக்குள் நுழைந்த உடனே, முன்னால் பார்க்காமல் திரும்பிப் பின்னால் மேலே பாருங்கள். ஓரிரு விநாடிதான்.

ஓடக்காரன்: ஆற்றையும் சுருக்கிட்டாங்களே?

ஆமாம், மார்க் ட்வெய்ன் கப்பல் சுற்றும் பூங்காவின் செயற்கை ஆறு. 2016 ஜனவரியில் மூடி, வடக்கு முனையை வெட்டி, 2017 ஜூலையில் திறந்தார்கள். அந்த இடம் 2019-இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியான கேலக்ஸிஸ் எட்ஜுக்குப் போனது. ரயில் பாதையும் வளைக்கப்பட்டது. 1955 முதல் வலப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்த ரயில் முதன்முறையாக இடப்பக்கம் திரும்பியது அப்போதுதான். புதிய பாறைகளும் அருவிகளும் நன்றாகவே செய்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன்.

மழைக்குறி: பிளாஸ்டிக் வீட்டை இடிக்க முடியலன்னு சொல்றது கட்டுக்கதைதானே?

உண்மை. 1957-இல் கட்டிய ஹவுஸ் ஆஃப் தி ஃபியூச்சர், 1967-இல் இடிக்க வந்த இரும்புக் குண்டைத் திருப்பி அனுப்பியது. கண்ணாடி இழைப் பிளாஸ்டிக் உடையாது, வளைந்து மீளும். கடைசியில் இரும்புக் கயிறு சுற்றி நெரித்துத் துண்டாக்கினார்கள். இரண்டு வாரம் ஆனது. கான்கிரீட் அடித்தளம் இன்னும் பிக்ஸி ஹாலோ பக்கம் இருக்கிறது.

வார இறுதி: எந்தக் கிழமை போனா கூட்டம் குறைவா இருக்கும்?

முதல் பத்தி.

ஊஞ்சல்: சரி, பழைய மாதிரி காத்திருக்காம உட்கார இப்ப எது மிச்சம்?

மெயின் ஸ்ட்ரீட் வண்டிகள், ரயில், மார்க் ட்வெய்ன் கப்பல், 1963 முதல் பறவைப் பொம்மைகள் பாடும் டீக்கி ரூம். மதிய வெயிலில், பெரிய வரிசைகள் உச்சத்தில் இருக்கும்போது இவற்றுக்குப் போங்கள். கேஸி ஜூனியர் பெட்டி வண்டியும் பழசுதான். ஆனால் வண்டி சிறியது, மெதுவாக ஏற்றுவார்கள். அதற்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

ரயில்பித்தன்: பழைய பாதையைப் பக்கத்தில பார்க்கவாவது வழி சொல்லுங்க சார்.

மோனோரயிலில் ஏறி டுமாரோலாண்ட் பக்கம் பார்த்து உட்காருங்கள். நீர்மூழ்கிக் குளத்தையும் ஆட்டோபியாவையும் கடக்கும்போது பாதையைக் கிட்டத்தில் பார்க்கலாம்.