ஷெர்லொக்கின் கதவும் ஈஸ்ட் ஹாம் ரயிலும்

வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் பாண்டிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அடுத்த மாதம் நானும் என் கணவரும் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பிபிசியின் ‘ஷெர்லொக்’ என்ற துப்பறியும் தொடரையும் அதற்கு முந்திய ‘பொய்ரோ’ என்ற துப்பறியும் தொடரையும் மகளோடு இருந்து ஒரு பகுதிகூட விடாமல் பார்த்தவள் நான். அவை படமாக்கப்பட்ட இடங்களை நேரில் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தொலைக்காட்சியில் கால்பந்தாட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத என் கணவரோ, நாடகத்துக்காகக் காட்டிய ஒரு கதவின் முன்னால் போய் நிற்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். முழங்கால் வலியால் என்னால் அதிகம் நடக்கவும் முடியாது. என் ஆசை வீணானதா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி, பாண்டிருப்பு

பதில்

அன்புச் சகோதரிக்கு,

வீணான ஆசை அல்ல. உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது பாண்டிருப்பில். திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு விழாவான தீப்பள்ளயத்தின்போது பாண்டவர் வனவாசம் போகும் நாளில், வேடம் தரித்து வருகிறவர் தமக்குத் தெரிந்த ஊரவர்தான் என்பதை அறிந்தே மக்கள் அவர்களைக் காணக் காத்து நிற்கிறார்கள். அது வழிபாடு, தொலைக்காட்சித் தொடர் பொழுதுபோக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முனையவில்லை. ஆனாலும், நாளாந்தம் நடந்து திரியும் ஒழுங்கை சிறிது நேரத்துக்குக் கதையின் வழியாகிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கதை நடந்த இடத்தைத் தேடிப் போகிறவரின் மனம் விளங்காமல் போக நியாயமில்லை. ஷெர்லொக் ஹோம்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார் என்று நம்பி யாரும் அங்கே போவதில்லை. ஓர் உண்மையான வீதியை எடுத்து, அதில் எதை வைத்துக்கொண்டு எதை மறைத்து இன்னோர் உலகத்தை உண்டாக்கினார்கள் என்பதை அந்த வீதியில் நின்றால்தான் முழுமையாக அறிய முடியும். என் பார்வையில் இந்தப் பயணத்தின் பயன் அதுதான்.

உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் இளஞ்சிவப்புக் கோடாகக் காட்டப்படும் ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி பாதை, ஈஸ்ட் ஹாமில் நின்று, நீங்கள் குறிப்பிட்ட இடங்கள் எல்லாவற்றுக்கும் அருகால் போகிறது. ரயில் மாற வேண்டிய தேவையே இல்லை. வார நாளென்றால் காலை 9.30 கழிந்த பிறகு புறப்படுங்கள். கட்டணமும் குறையும், இருக்கையும் கிடைக்கும்.

போகும் வழியில் புறொம்லி-பை-போ என்றொரு நிலையம் வரும். 1985 முதல் பிபிசியில் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஈஸ்ட் எண்டர்ஸ்’ தொடரில் காட்டப்படும் ரயில் வரைபடத்தில் அந்த நிலையத்தின் இடத்தைத்தான் வோல்ஃபோர்ட் ஈஸ்ட் என்ற கற்பனை நிலையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தொடரின் சதுக்கத்தைத் தேடி அலைய வேண்டாம். அது நகருக்கு வெளியே போர்ஹாம்வூட்டில் உள்ள படப்பிடிப்பு வளாகத்தில் கட்டியெழுப்பப்பட்டது; பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

முதலில் ஃபரிங்டனில் இறங்குங்கள். அங்கே லிஃப்ட் உண்டு. ஆறுதலாக நடந்தாலும் சற்று நேரத்தில் சாட்டர்ஹவுஸ் சதுக்கத்தை அடைந்துவிடலாம். அதன் ஒரு பக்கத்தில், அலையைப் போல் உள்ளும் வெளியும் வளைந்த முகப்போடு நிற்கும் ஃபுளொரின் கோர்ட் என்ற கட்டடத்தைக் கண்டவுடன் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். 1936 இல் எழுந்த இந்தத் தொடர்மாடிதான், 1989 முதல் 2013 வரை டேவிட் சூஷே நடித்த பொய்ரோவின் வைட்ஹேவன் மான்ஷன்ஸ். பொய்ரோவின் ஒழுங்கும் நேர்த்தியும் முழுவதும் அந்த முகப்பிலேயே தெரிகின்றன. இடத்தைத் தேர்ந்தவரின் கண்ணை நான் வியக்கிறேன். இதே சதுக்கத்தின் ஓரத்தில் 2013 இல் புதிய ரயில்பாதைக்காகத் தோண்டியபோது, 14 ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயில் மாண்டவர்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கதைக்காகப் போகிறவர்களுக்கு வரலாறும் இப்படிக் கூடவே கிடைத்துவிடுகிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் புனித பார்த்தலோமியு மருத்துவமனை இருக்கிறது. 1123 இல் தோன்றிய இந்த மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில்தான், ஆர்தர் கொனன் டொயில் 1887 இல் வெளியிட்ட முதற் கதையில் ஹோம்ஸும் அவருடைய தோழர் வாட்சனும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். 2012 ஜனவரியில் ஒளிபரப்பான பகுதியில், பொய்யர் என்று பழி சுமத்தப்பட்ட ஷெர்லொக் குதித்ததும் இதன் கூரையிலிருந்துதான். அதன் பின்னர், அவர் பொய்யர் அல்லர் என்று தாம் நம்புவதாக எழுதிய துண்டுகளை ரசிகர்கள் அருகிலுள்ள சிவப்புத் தொலைபேசிக் கூண்டில் ஒட்டத் தொடங்கினார்கள். இந்த ஓர் இடத்தில் நூலும் தொடரும் உண்மையான கட்டடமும் ஒன்றாகின்றன. ஆகவே நேரம் குறைந்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்றும் இருதய நோயாளரும் புற்றுநோயாளரும் வந்துபோகும் மருத்துவமனை இது என்பதை மனதில் வைத்து, வாசலை மறிக்காமல் எதிர்ப்புறத்திலிருந்தே பாருங்கள்.

மீண்டும் அதே இளஞ்சிவப்புப் பாதையில் ஏறி யூஸ்டன் ஸ்குவெயாரில் இறங்கினால் நோர்த் கோவர் வீதி பக்கத்திலேயே இருக்கிறது. தொடரில் ஹோம்ஸின் வீடான பேக்கர் வீதி 221பி என்று காட்டப்படும் வாசலின் உண்மையான இலக்கம் 187. பேக்கர் வீதியில் வாகன நெரிசல் ஒரு புறம், கடைக்குக் கடை ஹோம்ஸின் பெயர்ப்பலகை இன்னொரு புறம் என்பதால் அங்கே படம்பிடிக்காமல், அமைதியான இந்த வீதியைத் தேர்ந்தார்கள். பக்கத்தில் சிவப்புப் பந்தலோடு இருக்கும் ஸ்பீடீஸ் என்ற சிற்றுண்டிக் கடை தொடரிலும் அதே பெயரோடு வரும். கதவுக்கு நேரே நின்று ஒரு படம் எடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய், வீதியின் தெற்கு முனையைப் பாருங்கள். யூஸ்டன் வீதியின் பஸ்களும், அதற்கப்பால் வெண்மையும் பச்சையுமாக உயர்ந்து நிற்கும் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையும் தெரியும். வீட்டுக்குத் திரும்பியதும் முதற் பகுதியை மீண்டும் போட்டு, அவை எந்தெந்தக் காட்சியில் தெரிகின்றன, எங்கே மறைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். கதவைத் தாண்டியவுடன் வரும் படிக்கட்டும் அறையும் லண்டனிலேயே இல்லை. இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் வேல்ஸில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் அமைக்கப்பட்டவை. வாசற்படியில் ஒரு நகரமும் அடுத்த அடியில் இன்னொரு நாடும் இருப்பது, அந்த 187 ஆம் இலக்கத்தின் முன்னால் நிற்கும்போது உறைப்பதைப் போல் வாசித்து அறியும்போது உறைப்பதில்லை.

கடைசியாகப் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையம். ஹோம்ஸின் முகவரியைக் கொனன் டொயில் எழுதிய காலத்தில் பேக்கர் வீதியில் 221 என்ற இலக்கமே இருக்கவில்லை. பிற்காலத்தில் இலக்கங்கள் நீண்டபோது அந்த இடத்தில் இருந்த வீட்டுக்கடன் நிறுவனத்துக்கு ஹோம்ஸின் பெயரில் கடிதங்கள் வந்து குவிய, அவற்றுக்குப் பதில் எழுதவே அவர்கள் ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. 1990 இல் திறக்கப்பட்ட ஹோம்ஸ் அருங்காட்சியகம் உண்மையில் 237 ஆம், 241 ஆம் இலக்கங்களுக்கு இடையில் இருக்கிறது. ஒடுங்கிய மாடிப்படிகள் கொண்ட அந்த வீடு உங்கள் முழங்காலுக்கு ஆகாது; அதை விட்டுவிடுங்கள் என்பதே என் எண்ணம். அதற்குப் பதிலாக, ரயிலிலிருந்து இறங்கிய மேடையிலேயே சற்று உட்காருங்கள். உலகின் முதற் சுரங்க ரயில்பாதை 1863 இல் திறக்கப்பட்டபோது இருந்த மேடைகள் அவை. செங்கல் வளைவுகளில் சாய்வாக வெட்டிய மாடங்கள் வரிசையாக இருக்கும். ஹோம்ஸின் காலத்து லண்டனில் மிஞ்சியிருப்பவற்றுள் இதைவிட அருமையானதை நான் கண்டதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவற்றுள் பல, மனிதர் குடியிருக்கும் வீடுகள். நியூயோர்க்கில் பெரி வீதியில் ஒரு பிரபல தொடரின் நாயகி வாழ்ந்ததாகக் காட்டப்பட்ட வீட்டின் படிகளில் ரசிகர்கள் இரவு பகலாக ஏறி நின்றதால், வீட்டுக்காரர் வாயிலில் இரும்புக் கதவு போடுவதற்கு 2025 இல் அனுமதி பெற வேண்டிய நிலை வந்தது. படியில் ஏறாமலும் மணியை அழுத்தாமலும் யன்னலுக்குள் கமராவை நீட்டாமலும் இருந்தால், பின்னால் வருகிறவர்களுக்கும் அந்த இடம் பார்க்கக் கிடைக்கும்.

உங்கள் கணவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. 2020 இல் தொடங்கிய ‘டெட் லாஸோ’ என்ற தொடர், ஆங்கிலேயக் கால்பந்துக் கழகம் ஒன்றுக்குப் பயிற்றுநராக வரும் அமெரிக்கரைப் பற்றியது. புறப்படுவதற்கு முன் அதில் இரண்டு பகுதிகளையாவது அவருக்குக் காட்டிவிடுங்கள். தொடரில் வரும் மதுச்சாலையும், டெட் குடியிருக்கும் ஒடுங்கிய சந்தும் ரிச்மண்ட் கிறீன் என்ற புல்வெளியின் ஓரத்தில் அருகருகே இருக்கின்றன. அங்கே வாங்குகள் உண்டு. நீங்கள் இருவரும் நெடுநேரம் இருக்கலாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து பச்சைக் கோட்டு ரயிலில் நேரே போகலாம், ஆனால் நீண்ட பயணம் என்பதால் அதற்கென வேறொரு நாளை ஒதுக்குங்கள். ஈலிங், விம்பிள்டன் ரயில்களும் அதே மேடைக்கு வரும். முகப்பில் ரிச்மண்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தே ஏறுங்கள்.