முகவாயில் ஒரு குழி

அன்புள்ள ஐயா,

நல்ல நாவல் போரை அழகாக்காது என்று உங்கள் உரையில் சொன்னீர்கள். நான் இப்போது டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ படித்துக்கொண்டிருக்கிறேன். நெப்போலியனின் பிரெஞ்சுப் படையோடு ரஷ்யர்கள் மோதும் 1805 சண்டையில் குதிரைப்படை பாயும் இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. பிணங்களைப் புரட்டி மகனைத் தேடும் புறநானூற்றுத் தாயைப் பள்ளியில் படித்தபோது வந்த அதே சிலிர்ப்பு. அப்படியென்றால் டால்ஸ்டாயும் போரைக் கொண்டாடத்தானே செய்கிறார்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

சிலிர்த்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். எனக்கும் சிலிர்த்தது. சிலிர்க்க வேண்டும் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தப் பாய்ச்சல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஷோன்கிராபன் என்ற அந்தப் போர்க்களத்தில், ரஷ்யக் குதிரைப்படையில் இருக்கும் இளைஞன் நிக்கோலாய் ரஸ்தோவின் குதிரை அடிபட்டு விழுகிறது, இடது கை மரத்துப்போகிறது, எதிரே பிரெஞ்சுக்காரர்கள் ஓடிவருகிறார்கள், ‘இவர்கள் என்னையா கொல்ல வருகிறார்கள், எல்லாருக்கும் பிரியமான என்னையா’ என்று அந்தப் பையனுக்கு நம்பவே முடியவில்லை. கைத்துப்பாக்கியைச் சுடத் தோன்றாமல் அதை அவர்கள்மேல் விட்டெறிந்துவிட்டு, நாய் துரத்தும் முயலாகப் புதரைப் பார்த்து ஓடுகிறான்.

அப்புறம் வருவதுதான் எனக்கு இன்னும் பெரிய இடம். நண்பன் போரிஸிடம் ரஸ்தோவ் இந்தச் சண்டையைச் சொல்கிறான். பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை அவன், நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் ஆரம்பிக்கிறான். ஆனால் கேட்பவர்கள் ஏற்கெனவே எத்தனையோ போர்க்கதை கேட்டவர்கள், இவனிடமும் அதே மாதிரி ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். குதிரையிலிருந்து விழுந்தேன், கை சுளுக்கியது, ஓடிவந்துவிட்டேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? அவனுக்கே தெரியாமல், வாளால் வலமும் இடமும் வெட்டிச் சாய்த்த கதையாக அது மாறிவிடுகிறது. 1854-55இல் செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர் டால்ஸ்டாய். இப்படி எத்தனை கதைகளைக் கேட்டிருப்பார்! அவன் வாயில் பொய்யை வரவழைத்தது எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் ஆசை. நீங்களும் நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ளேயே படையெடுத்து வரும் 1812க்கு நீங்கள் இன்னும் வந்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். அஸ்த்ரோவ்னா என்ற இடத்தில் நடக்கும் சண்டையில் ரஸ்தோவ் மறுபடி குதிரையில் பாய்கிறான், இந்த முறை துரத்துகிறவன் அவன். வேட்டைக்காரனின் கண்ணோடு பாய்ந்து ஒரு பிரெஞ்சு அதிகாரியை வெட்டுகிறான். முழங்கைக்கு மேலே சின்னக் காயம்தான், பயத்திலேயே அந்த ஆள் விழுகிறான். ஒரு கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த வெட்டு விழப்போகிறது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். சேறு தெறித்த இளம் முகம், வெளிர்நீலக் கண்கள், முகவாயில் ஒரு குழி. போர்க்களத்துக்குச் சம்பந்தமே இல்லாத, வீட்டுக்கூடத்தில் பார்க்கிற மாதிரியான முகம்.

இதற்காக ரஸ்தோவுக்குப் பதக்கம் கிடைக்கிறது. அந்தக் குழியை அவனால் மறக்க முடியவில்லை. வீரம் என்று இவர்கள் சொல்வது இவ்வளவுதானா, அந்தப் பிரெஞ்சுக்காரன் என்ன தப்பு செய்தான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நீங்கள் சொன்ன புறநானூற்றுப் பாட்டில் தாய் தெரிகிறாள், சிதைந்து கிடக்கும் மகன் தெரிகிறான். அவன் யாரை வெட்டினான்? பாட்டில் அவர்கள் இல்லை. அவர்களையும் தேடும் தாய்கள் அதே களத்தில் இருந்திருப்பார்கள் என்று பள்ளியில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அஸ்த்ரோவ்னாவிலும் குதிரைகள் அதே வேகத்தில்தான் பாய்கின்றன. படித்துவிட்டு எழுதுங்கள், அங்கேயும் சிலிர்த்ததா என்று.